சிறப்புக் கல்வி ஆசிரியராகப் பதிவு பெறும் வழி

சிறப்புக் கல்வி ஆசிரியராக விரும்புகிறவர்களும் அவர்களுடைய பெற்றோரும் பெரும்பாலும் எந்தக் கல்லூரியில் சேரலாம் என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். கல்லூரியைத் தேடுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு உள்ளன. எந்தக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப் போகிறோம் என்பது முதலாவது. படிப்பை முடித்ததும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் நம் பெயர் ஏறுமா என்பது இரண்டாவது. இவற்றை உறுதி செய்துகொள்ளாமல், வீட்டுக்குப் பக்கம், கட்டணம் குறைவு, எளிதாக இடம் கிடைத்தது என்ற காரணங்களுக்காகச் சேர்கிறவர்கள், இரண்டு ஆண்டுகளையும் கைப்பணத்தையும் செலவிட்ட பிறகு, வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் குறையை உணர்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து இத்துறைக்கு வர நினைப்பவரை மனத்தில் வைத்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது முதல் பதிவைப் புதுப்பிப்பது வரையிலான வழியை இங்கே எழுதுகிறேன்.

பதிவு ஏன் கட்டாயம்

ஆர்.சி.ஐ. என்று எல்லோரும் குறிப்பிடும் இந்திய மறுவாழ்வு மன்றம் 1986இல் ஒரு சங்கமாகத் தொடங்கப்பட்டு, 1992இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியே 1993இல் சட்டபூர்வ அமைப்பாயிற்று. சிறப்புக் கல்வி ஆசிரியர்கள், பேச்சு மற்றும் செவித்திறன் வல்லுநர்கள், மருத்துவ உளவியலாளர்கள் உள்ளிட்ட 16 வகைப் பணியாளர்கள் இதன் வரம்புக்குள் வருகிறார்கள். அவர்கள் படிக்கும் படிப்புகளுக்குப் பாடத்திட்டம் வகுப்பது, நடத்தும் நிறுவனங்களுக்கு ஒப்புதல் அளிப்பது, படித்து முடித்தவர்களை மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் சேர்ப்பது ஆகிய மூன்றும் மன்றத்தின் பொறுப்புகள். பதிவேட்டில் பெயர் ஏறியதும் கிடைக்கும் எண்ணைத்தான் சி.ஆர்.ஆர். எண் என்கிறோம். சிறப்புக் கல்வியில் உரிமம் என்பது இந்த எண்தான். ஏற்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாமல் மறுவாழ்வுத் துறைப் பணியாளராகத் தொழில் செய்வது, ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம் என்று அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. அபராதத் தொகை இன்றைக்குச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பதிவு எண் இல்லாதவரை அரசுப் பணிக்கோ, அரசு மானியம் பெறும் சிறப்புப் பள்ளிக்கோ எடுக்க முடியாது என்பதால், நடைமுறையில் அந்த எண்ணில்தான் ஒருவருடைய பிழைப்பு நிற்கிறது.

பொதுப் பள்ளி ஆசிரியர்களுக்கான பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டயம் போன்ற படிப்புகள் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் கீழ் வருபவை. அவற்றை முடித்தவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அந்தச் சான்றிதழை வைத்து சி.ஆர்.ஆர். எண் பெற முடியாது. சிறப்புக் கல்விக்கென்று ஆர்.சி.ஐ. ஏற்ற படிப்பு ஒன்றைத் தனியாக முடித்தே ஆக வேண்டும். பணி அறிவிப்புகளைப் படிக்கும்போது இன்னொன்றிலும் கவனம் தேவை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி கற்பிப்பவர்களைச் சிறப்பாசிரியர்கள் என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்பவர்களைச் சிறப்புப் பயிற்றுநர்கள் என்றே அறிவிப்புகள் பெரும்பாலும் சொல்கின்றன. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டிவிடக் கூடாது.

எந்தக் குழந்தைகள்?

ஆர்.சி.ஐ. படிப்புகள் பொதுவான சிறப்புக் கல்வி என்ற பெயரில் தரப்படுவதில்லை. செவித்திறன் குறைபாடு, பார்வைத்திறன் குறைபாடு, அறிவுசார் மற்றும் வளர்ச்சிசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு என ஒவ்வொன்றும் தனிச் சிறப்புப் பாடம். சான்றிதழிலும் பதிவிலும் அந்தப் பிரிவே குறிக்கப்படும். ஆகையால் முதல் நாளில் எடுக்கும் இந்த முடிவு பணிக்காலம் முழுவதும் உடன் வரும். பின்னால் வேறொரு பிரிவுக்கு மாற நினைப்பவர் அந்தப் பிரிவில் மீண்டும் ஒரு படிப்பை முடிக்க வேண்டியிருக்கும். விண்ணப்பப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று கடைசி நாளில் யோசிப்பவர்களைக் காணும்போது எனக்கு மனம் பதறுகிறது. சில நாட்கள் பள்ளிகளில் போய் உட்கார்ந்து பார்த்தாலே தெளிவாகிவிடக்கூடிய முடிவு இது.

பார்வைத்திறன் பிரிவைத் தேர்ந்தெடுப்பவர் பிரெயில் எழுத்தைச் சரளமாகப் படிக்கவும் எழுதவும் கற்றாக வேண்டும். இந்திய மொழிகளுக்கு 1951 முதல் பாரதி பிரெயில் என்ற பொதுமுறை பயன்பாட்டில் இருக்கிறது. ஆறு புள்ளிகளின் சேர்க்கையில் தமிழ் எழுத்துகள் அனைத்தும் அமைந்துவிடுகின்றன. சட்டகத்தில் தாளைப் பொருத்தி ஊசியால் குத்தி எழுதும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பினால்தான் மேடாக எழும் புள்ளிகளை இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க முடியும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி மனத்தில் பிடித்துக்கொள்ளும் பழக்கம் கைக்கு வர வேண்டும். கணக்குக்கு அபாகஸும், எண் அச்சுகளைத் துளைகளில் பொருத்திக் கணக்குப் போடும் டெய்லர் சட்டகமும் உண்டு. வெண்கோலுடன் தெருவைக் கடக்கப் பழக்குவதும் ஆசிரியரின் வேலைதான். பயிற்சிக் காலத்தில் உங்கள் கண்களையே கட்டிக்கொண்டு நடக்கச் சொல்வார்கள். ஓரளவு பார்வை மீந்திருக்கும் குழந்தைகளும் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரிய எழுத்து, அழுத்தமான நிற வேறுபாடு, சரியான வெளிச்சம் ஆகியவற்றை அமைத்துத் தருவது பிரெயிலைப் போலவே முக்கியம்.

செவித்திறன் பிரிவில் செவித்திறன் வரைபடத்தைப் படிப்பது, காதொலிக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று காலையில் வகுப்பு தொடங்குமுன் சோதிப்பது, பேச்சை வளர்ப்பது, சைகை மொழி ஆகியவை அன்றாடப் பணிகள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் இளங்குழந்தைகளுக்குச் செவிச்சுருள் கருவி (காக்ளியர் இம்ப்ளான்ட்) பொருத்தப்படுவதால், கேட்கவும் பேசவும் பழகிய குழந்தைகள் பொதுப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். சைகை மொழியே முதல் மொழியாக இருக்கும் குழந்தைகளும் அதே வட்டாரத்தில் இருப்பார்கள். வாய்மொழி முறையா, சைகை முறையா என்ற வாதத்தில் ஒரு பக்கம் நின்றுகொள்ளாமல் இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. எந்தக் குழந்தைக்கு எது கைகொடுக்கும் என்பதை ஆசிரியருடைய வசதி தீர்மானிக்கக் கூடாது. டெல்லியில் 2015இல் நிறுவப்பட்ட இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் சைகை மொழி பெயர்ப்பாளர் பட்டயம் போன்ற படிப்புகளை வகுத்திருக்கிறது. அவை நல்ல படிப்புகள் என்றாலும் சிறப்புக் கல்வி ஆசிரியர் தகுதியாகக் கணக்கில் வருவதில்லை.

அறிவுசார் மற்றும் வளர்ச்சிசார் குறைபாட்டுப் பிரிவில்தான் மாவட்டந்தோறும் சிறப்புப் பள்ளிகள் மிகுதி. அதனால் பயிற்சி இடங்களும் வேலை வாய்ப்பும் அதிகம். இங்கே பாடம் என்பது சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், கடையில் சில்லறை வாங்குவது ஆகியவற்றில் தொடங்கி எழுத்தறிவுக்கும் தொழிற்பயிற்சிக்கும் விரிகிறது. குழந்தையின் இன்றைய நிலையை அளக்க, சென்னையில் உருவான மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை என்ற மதிப்பீட்டுக் கருவி நாடெங்கும் பயன்படுகிறது. 18 துறைகளில் துறைக்கு 20 வீதம் 360 செயல்கள் எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசைப்படுத்தப்பட்டுள்ள அந்தக் கருவியில், குழந்தை எதைச் செய்கிறது, எதை இன்னும் செய்யவில்லை என்று குறித்துக்கொண்டு போவார்கள். பொறுமை என்ற ஒரு குணம் போதும் என்று நினைத்து இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பலர். ஆனால் பொறுமையைவிடக் கூர்ந்து கவனிப்பதும், கவனித்ததை அன்றே எழுதி வைப்பதும் இங்கே அதிகமாகத் தேவைப்படுகின்றன.

கற்றல் குறைபாட்டுப் பிரிவை நகரத்துத் தனியார் பள்ளிகள் பெரிதும் நாடுகின்றன. தமிழ்வழியில் படிக்கும் குழந்தைகளுக்கு இத்துறையில் பயிற்சி பெற்றவர்கள் இன்னும் நிறைய வர வேண்டும். கெ, கே, கை போன்ற எழுத்துகளில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் எழுதப்படுகிறது. கொ, கோ, கௌ ஆகியவற்றில் அக்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் இவ்வாறு முரண்படும் இடங்களில் சிக்கிக்கொள்ளும் குழந்தைக்கு ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட பயிற்சிகளை அப்படியே தருவதால் பயன் இல்லை. கற்பித்தல் போதாமையால் பின்தங்கிய குழந்தையையும் உண்மையான கற்றல் குறைபாடு உள்ள குழந்தையையும் வேறுபடுத்திப் பார்ப்பதும், பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குப் பெற்றோரை வழிநடத்துவதும் இந்த ஆசிரியரின் பொறுப்பில் வரும்.

ஆகவே விண்ணப்பிக்குமுன் குறைந்தது இரண்டு பிரிவுகளைச் சேர்ந்த பள்ளிகளில் அனுமதி பெற்று, ஒவ்வொன்றிலும் ஒரு வாரமாவது உதவியாளராக இருந்து பாருங்கள். பாளையங்கோட்டையில் செவித்திறன் குறைந்தோருக்கும் பார்வையற்றோருக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கப்பட்ட பள்ளிகள் உள்ளன. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. செவித்திறன் குறைந்த மழலைகளுக்கு வாய்மொழிவழிக் கற்பித்தலுக்குப் பெயர்பெற்ற பால வித்யாலயாவும், வளர்ச்சித் தாமதம் உள்ள பிஞ்சுக் குழந்தைகளுக்கான மதுரம் நாராயணன் மையமும், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுடன் பணியாற்றும் வித்யாசாகரும் சென்னையில் இருக்கின்றன. சிறு ஊர்களில்கூட ஏதேனும் ஒரு தொண்டு நிறுவனம் சிறப்புப் பள்ளி நடத்திக்கொண்டிருக்கும். காலை வாகனத்திலிருந்து குழந்தைகள் இறங்கும் வேளை, மதிய உணவு வேளை, யாராவது ஒரு குழந்தை அழுது அடம்பிடிக்கும் வேளை ஆகிய மூன்றையும் பார்த்த பிறகும் அங்கே இருக்க மனம் விரும்பினால் அந்தப் பிரிவை எடுத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்

பள்ளிப் படிப்பை முடித்தவருக்கு நேரடியாகத் திறந்திருக்கும் வழி இரண்டாண்டு சிறப்புக் கல்விப் பட்டயம். டி.எட். சிறப்புக் கல்வி என்று இதைச் சொல்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப் பிரிவாக இருந்தாலும் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விதிப்படி தளர்வு உண்டு. பட்டயத் தேர்வுகளைத் தேசிய மறுவாழ்வுத் தேர்வு வாரியம் நடத்துவதால் எந்த ஊர் நிறுவனத்தில் படித்தாலும் தேர்வு ஒன்றே. சேர்க்கை முறையும் கடைசி நாளும் ஆண்டுதோறும் மன்றத்தின் இணையதளத்தில் அறிவிக்கப்படும். உள்ளூர் விளம்பரத்தை நம்பியிராமல் அங்கே பார்த்துக்கொள்வதே சரி.

பட்டயத்தைக் குறைந்த படிப்பு என்று எண்ணித் தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் தேவையான அடிப்படைத் திறன்களை இந்தப் படிப்பைப் போலக் கைப்பட அழுத்தமாகக் கற்றுத் தரும் வேறு படிப்பு இல்லை. குடும்பச் சூழலால் விரைவில் வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கும் இது உகந்தது. பணியில் இருந்துகொண்டே பட்டப்படிப்பை முடித்து, பின்னர் பி.எட். சிறப்புக் கல்விக்குச் சென்றவர்கள் இத்துறையில் உறுதியான ஆசிரியர்களாக விளங்குகிறார்கள்.

முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2005இல் தொடங்கப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் பட்டயம் முதல் முதுநிலை வரை படிப்புகளை நடத்துகிறது. அதே வளாகத்தில் குழந்தைகளுக்கான சேவைப் பிரிவுகளும் இயங்குவதால் வகுப்பில் கேட்டதை அன்றே கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அங்கே பயில்வோருக்கு உண்டு. மாநிலத்துக்கு வெளியே செகந்திராபாத்தில் அறிவுசார் குறைபாட்டுக்கும், டேராடூனில் பார்வைக்கும், மும்பையில் செவித்திறனுக்கும் தேசிய நிறுவனங்கள் இருக்கின்றன. தமிழ்க் குழந்தைகளுடனேயே பணியாற்றப் போகிறவர் செய்முறைப் பயிற்சியைத் தமிழ்ச் சூழலில் பெறுவதே நல்லது என்று நான் கருதுகிறேன். மொழி வளர்ச்சியைக் கற்பிப்பதற்கான பயிற்சியை வேறொரு மொழியில் பெற்றுவிட்டு இங்கே வந்து தடுமாறுவதை இதனால் தவிர்க்கலாம்.

பட்டத்துக்குப் பின்

பட்டதாரிகளுக்கு உரியது பி.எட். சிறப்புக் கல்வி. பட்டப்படிப்பில் 50 விழுக்காடு வேண்டும். கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகமும், பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனத்தின் புலமும் சிறப்புக் கல்வியில் நெடுநாள் அனுபவம் உள்ளவை. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் சிலவற்றிலும் இப்படிப்பு உண்டு. வேலையை விட முடியாதவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதனைத் தொலைநிலையில் இரண்டரை ஆண்டுப் படிப்பாக நடத்தி வந்திருக்கிறது. தொலைநிலை என்றாலும் நேர்முக வகுப்பும் பள்ளிப் பயிற்சியும் கட்டாயம். வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு விலகிவிடுவது நல்லது.

இரண்டாண்டு பி.எட். குறித்து ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. புதிய தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் சேரும் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். சிறப்புக் கல்விக்கு மாறப்போவதாக ஆர்.சி.ஐ. 2024 ஜனவரியில் அறிவித்தது. எனவே சேரும் ஆண்டில் நீங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனத்தில், தேர்ந்தெடுத்த பிரிவில், அந்தக் கால அளவுள்ள படிப்புக்கு ஒப்புதல் இருக்கிறதா என்பதை நேரில் சரிபார்க்காமல் கட்டணம் செலுத்தக் கூடாது.

சரிபார்ப்பது எளிது. மன்றத்தின் இணையதளத்தில் மாநில வாரியாக ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் படிப்பு, எந்தக் குறைபாட்டுப் பிரிவு, எத்தனை இடங்கள், எந்தக் கல்வியாண்டு வரை என்ற நான்கையும் பாருங்கள். ஒப்புதல் குறிப்பிட்ட காலத்துக்கே வழங்கப்பட்டு மறு ஆய்வுக்குப் பின் நீட்டிக்கப்படுகிறது. ஒப்புதல் காலம் முடிந்த பிறகோ, அனுமதித்த இடங்களுக்கு மேலோ சேர்க்கப்பட்ட மாணவர் பதிவின்போது தவித்துப்போவார். நிறுவனத்திடம் ஒப்புதல் கடிதத்தின் நகலைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. தயக்கமின்றி எடுத்துக் காட்டும் நிறுவனமே நல்ல நிறுவனம்.

ஆட்டிசம் பயிற்சியாளர், வகுப்பில் ஒரு குழந்தையுடனேயே இருந்து உதவும் நிழல் ஆசிரியர், கற்றல் குறைபாட்டு வல்லுநர் என்ற பெயர்களில் சில வாரங்களிலோ மாதங்களிலோ முடியும் இணையவழிச் சான்றிதழ் படிப்புகள் ஏராளமாக விற்கப்படுகின்றன. பெற்றோர் தங்கள் குழந்தையைப் புரிந்துகொள்ள அவற்றில் சில உதவலாம். ஆசிரியர் உரிமத்துக்கு அவை உதவமாட்டா. மன்றமே வகுத்த ஆறு மாதச் சமூகம் சார்ந்த உள்ளடக்கிய வளர்ச்சிச் சான்றிதழ் படிப்பும்கூடக் களப்பணியாளர்களுக்கு உரியதேயன்றி ஆசிரியர்களுக்கு உரியதல்ல. ஏற்கெனவே பல்லாயிரம் ரூபாய் செலவழித்துக் களைத்துப்போன பெற்றோரிடம், தகுதியில்லாத ஒருவர் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்டு போவது அந்தக் குழந்தைக்குத் திரும்பக் கிடைக்காத ஆண்டுகளைப் பறிக்கிறது. இதை நான் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன்.

எம்.எட். சிறப்புக் கல்வி, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க விரும்புகிறவர்களுக்கு உரியது. வகுப்பறையில் சில ஆண்டுகள் இருந்த பிறகு அதற்குச் செல்வது நல்லது.

பயிற்சிக் காலத்தில் கைவர வேண்டியது

படிப்பின் பெரும்பகுதி பள்ளியில் கழியும். பாடக் குறிப்புகள், தனியாள் ஆய்வு, கற்பித்தல் கருவிகள் செய்தல் என்று ஏடுகள் நிறையும். இவற்றுள் தலையாயது, ஒவ்வொரு குழந்தைக்கும் தனியே இலக்கு வகுத்து எழுதும் தனிநபர் கல்வித் திட்டம். சிறப்புக் கல்வி ஆசிரியரையும் பிற ஆசிரியரையும் வேறுபடுத்திக் காட்டும் திறன் இதில்தான் இருக்கிறது என்பதால் இதனைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

குழந்தை தானே உடுத்தக் கற்றுக்கொள்ளும் என்று இலக்கு எழுதினால் அது விருப்பமே தவிர இலக்கு ஆகாது. சட்டையை அணிவித்துவிட்டு, வாயால் நினைவூட்டினால் மட்டும், ஐந்து வாய்ப்புகளில் நான்கில், கீழிரண்டு பொத்தான்களைக் குழந்தை தானே மாட்டும், இது மூன்று மாதத்துக்குள் நிகழும் என்று எழுதினால், எந்த ஆசிரியர் வந்து பார்த்தாலும் நடந்ததா இல்லையா என்று சொல்லிவிட முடியும். அடுத்து அந்தச் செயலைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். பொத்தானை இரு விரலால் பிடித்தல், துளையின் ஓரத்தை மறு கையால் பிடித்தல், பொத்தானின் பாதியைத் துளைக்குள் நுழைத்தல், மறுபுறம் வெளிவந்த விளிம்பைப் பற்றுதல், இழுத்து முடித்தல் என்று அது விரியும். முதல் நான்கையும் ஆசிரியர் குழந்தையின் கைமேல் கைவைத்துச் செய்து, கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விடுவார். அது கைவந்ததும் கடைசி இரண்டு படிகளை விடுவார். முடித்த மகிழ்ச்சி ஒவ்வொரு முறையும் குழந்தைக்கே கிடைப்பதால் அது மீண்டும் முயல்கிறது. கைப்பிடி உதவியிலிருந்து தொட்டு உணர்த்துவதற்கும், அதிலிருந்து சைகைக்கும், அதிலிருந்து சொல்லுக்கும் உதவியைக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த நாளில் எந்த அளவு உதவி தேவைப்பட்டது என்று குறித்து வைக்க வேண்டும். பெற்றோரை உட்கார வைத்து இதே படிகளை வீட்டிலும் ஒரே மாதிரி செய்யச் சொல்ல வேண்டும். பள்ளியில் ஐந்து படி, வீட்டில் அம்மாவே மாட்டிவிடுவது என்றிருந்தால் பயிற்சி நிலைக்காது.

இவ்வகையில் எழுதிய திட்டங்கள், மதிப்பீட்டுத் தாள்கள், முன்னேற்றக் குறிப்புகள் ஆகியவற்றின் நகல்களைக் குழந்தையின் பெயரை நீக்கிப் பாதுகாத்து வையுங்கள். நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைவிட அவை அதிகம் பேசும். ஏடுகளை மூத்த மாணவரிடமிருந்து வாங்கிப் படியெடுத்துக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அவ்வாறு தேறியவர் முதல் மாதத்திலேயே குழந்தையின் முன் திகைத்து நிற்பார்.

பதிவும் தகுதித் தேர்வும்

தேர்ச்சி பெற்றதும் சி.ஆர்.ஆர். பதிவுக்கு மன்றத்தின் இணையதளம் வழியே விண்ணப்பிக்க வேண்டும். பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்று, பன்னிரண்டாம் வகுப்பு மற்றும் பட்டப்படிப்புச் சான்றுகள், சிறப்புக் கல்விப் படிப்பின் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களும் சான்றிதழும், அடையாள அட்டை, புகைப்படம் ஆகியவற்றைத் தெளிவாக வருடிப் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தினால் சரிபார்ப்புக்குப் பிறகு பதிவு வழங்கப்படும். பத்தாம் வகுப்புச் சான்றில் தலைப்பெழுத்து முன்னால், பட்டச் சான்றில் அதன் விரிவு பின்னால் என்று பெயர் மாறியிருப்பதே நம் மாநிலத்தவருக்குத் தாமதம் உண்டாக்கும் பெரிய காரணம். சேரும்போதே பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடி பெயரை எழுதிக்கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

பள்ளி ஆசிரியர் பணிக்கு உரிமத்தோடு ஆசிரியர் தகுதித் தேர்வும் கேட்கப்படும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை முதல் தாள், ஆறு முதல் எட்டு வரை இரண்டாம் தாள், ஒவ்வொன்றும் 150 மதிப்பெண். டி.எட். சிறப்புக் கல்வி, பி.எட். சிறப்புக் கல்வி முடித்தவர்கள் இத்தேர்வை எழுதத் தகுதி உடையவர்கள் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2010, 2011ஆம் ஆண்டு அறிவிக்கைகள் கூறுகின்றன. பொது வகுப்பு ஆசிரியராக நியமனம் பெறும்போது இவர்கள் தொடக்கக் கல்வியில் ஆறு மாத இணைப்புப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அவற்றில் உண்டு. தகுதித் தேர்வுச் சான்று இப்போது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்பதால் படிப்பு முடிந்த சூட்டோடு எழுதிவிடுவது நல்லது.

வேலை எங்கே இருக்கிறது

2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முந்தைய சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21ஆக உயர்த்தியது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையையும் அது தந்தது. இந்த உரிமை நிறைவேற ஆசிரியர்கள் வேண்டும். சிறப்புப் பயிற்றுநர் பணியிடங்கள் குறித்த ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து, பொதுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் குழந்தைகள் பத்துப் பேருக்கு ஒருவர், உயர் தொடக்க வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பணியிடங்களை மாநிலங்கள் முறையாக உருவாக்கி அறிவிக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது.

இப்போது தமிழ்நாட்டில் அரசு சார்ந்த வேலைகளில் பெரும்பங்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் இருக்கிறது. ஒரு பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு முறைவைத்துச் செல்வார். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீட்டுக்கே சென்று கற்பிப்பார். மருத்துவ முகாம்களை ஒருங்கிணைப்பார். நீண்ட காலமாகத் தொகுப்பூதியத்தில் பணியாற்றிவருபவர்கள் இவர்களில் பலர். பணி நிரந்தரம் வேண்டி அவர்கள் எழுப்பும் கோரிக்கை முழுக்க நியாயமானது என்பதே என் நிலை. பேருந்து இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்து, படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு குழந்தைக்கு வாரம் ஒரு நாள் பள்ளியைக் கொண்டு செல்பவருக்கு நிலையான ஊதியம் இல்லாதிருப்பது அந்தக் குழந்தையின் உரிமையையும் நிலையற்றதாக்குகிறது. புதிதாக வருபவர் இந்த நிலையை அறிந்தே வர வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் அரசுச் சிறப்புப் பள்ளிகள், தொண்டு நிறுவனங்களின் பள்ளிகள், குறைபாட்டைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் ஆகியவற்றிலும் பணி உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தோடு இணைந்த பள்ளிகள் சிறப்புப் பயிற்றுநரை நியமித்தே தீர வேண்டும் என்ற விதி இருப்பதால் நகரங்களில் தனியார் பள்ளி வாய்ப்புகள் பெருகியுள்ளன. அங்கே சேர்பவர், தம்மை மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத் தனி அறையில் வைத்திருப்பவராகப் பயன்படுத்தப் போகிறார்களா, வகுப்பு ஆசிரியரோடு சேர்ந்து திட்டமிட விடுவார்களா என்பதை நேர்காணலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க, மன்றம் ஏற்ற தொடர் மறுவாழ்வுக் கல்வி நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டு உரிய புள்ளிகளைச் சேர்த்திருக்க வேண்டும். கடைசி ஆண்டில் அவசரமாக இணையவழிக் கருத்தரங்குகளைத் தேடி ஓடாமல் ஆண்டுக்குச் சிலவற்றில் கலந்துகொண்டு, ஒவ்வொரு சான்றையும் கிடைத்த அன்றே ஒரே கோப்பில் சேர்த்து வாருங்கள். உங்கள் பிரிவுக்கு வெளியே உள்ள தலைப்புகளையும் தேர்ந்தெடுங்கள். செவித்திறன் குறைந்த குழந்தைக்கு ஆட்டிசமும் சேர்ந்திருக்கலாம். பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்குக் கற்றல் குறைபாடும் இருக்கலாம். முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் பதிவேட்டிலும் மாற்றிவிடுங்கள். புதுப்பிக்கும் நாள் நெருங்குமுன்பே விண்ணப்பித்துவிட்டால் பணியில் இருக்கும்போது பதிவு காலாவதியாகும் நிலை வராது.